பம்பு ஓடினால் லைட் மங்குகிறது, புது பேட்டரி வாங்கணுமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பழைய வேன் ஒன்றை வாங்கி, கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து கேம்பர் வேனாக மாற்றினோம். மாற்றும் வேலைக்கு மட்டும் 7 லட்சம் ஆனது. ராத்திரி சிங்க் குழாயைத் திறந்து தண்ணீர் பம்பு ஓடினால் பின்பக்க எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டெல்லாம் மங்கித் துடிக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. படுக்கைக்கு மேலே இருக்கும் ஸ்ட்ரிப் இரண்டு தடவை கருகிப்போனது. பட்டறைக்காரர் போனிலேயே “பேட்டரி வீக் சார், புதுசு போடுங்க” என்கிறார். இங்கே உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஃபியூஸை 10 ஆம்பியரிலிருந்து 20-க்கு மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். முக்கியமாக அந்த ஃபியூஸ் யோசனையை இன்றைக்கே மறந்துவிடுங்கள். ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. 10 ஆம்பியர் தாங்கும் மெல்லிய வயருக்கு 20 போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் வயர் சூடாகி உருகும், அதுவும் பிளைவுட்டும் ஃபோமும் அடைத்த சுவருக்குள்ளே. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் பெட்டியைத் திறந்து, யாராவது ஏற்கெனவே மஞ்சளைச் சொருகி வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி பேட்டரி. “இன்ஜின் ஓடினால் சரியாகிறது, அப்போ பேட்டரிதான் போச்சு” என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றும் ஜெனரேட்டர், 14 வோல்ட் பக்கம் தள்ளுகிறது. வழியில் ஒரு மோசமான ஜாயின்ட் ஒன்றரை வோல்ட்டைத் தின்றாலும் லைட்டுக்குப் பன்னிரண்டரை வந்து சேர்ந்துவிடும், பளிச்சென்று எரியும். இன்ஜினை அணைத்தால் பேட்டரி 12.5 கொடுக்கிறது, அதே ஜாயின்ட் அதே ஒன்றரையைத் தின்கிறது, லைட்டுக்கு 11. அதாவது நல்ல பேட்டரி இருந்தாலும் நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே வரும். அளந்து பார்க்காமல் போனில் பேட்டரி மாற்றச் சொல்பவர் உங்கள் காசில் சோதனை செய்கிறார், அவ்வளவுதான்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். சோலார் சார்ஜ் ஏறாத ராத்திரி நேரத்தில், வண்டி நின்று இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால் 12.7 என்பது முழு சார்ஜ், 12.2 பக்கம் என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு அப்புறம் பேசலாம். லித்தியம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, பாதி தீர்ந்த பிறகும் அது 13 வோல்ட் பக்கமே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து லைட்டையும் பம்பையும் ஓடவிட்டு மறுபடி அதே முனைகளில் பாருங்கள். அங்கேயே 11-க்கு இறங்கினால் பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் உடனே வாங்கிவிடாமல், முழு சார்ஜ் ஏற்றி பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்டரியில் 12.4 நிற்கிறது, ஆனால் பின்பக்க லைட்டின் வயரில் 11 கூட இல்லை என்றால் பேட்டரிக்குச் செலவு செய்யும் பணம் தண்டம். கோளாறு நடுவில் இருக்கிறது.

நடுவில் எங்கே? என் சந்தேகம் முதலில் பாடி எர்த் மேல், அதாவது நெகட்டிவ் வயரை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்க்கும் இடம். நீளமான வயர் ஒன்றை மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்து பேட்டரி நெகட்டிவில் மாட்டி, சிவப்பு முனையை லைட்டின் நெகட்டிவ் வயரில் வையுங்கள், லைட்டும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. மீட்டர் 0.1, 0.2 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆள் கிடைத்துவிட்டான். எர்த் வயர் வண்டியின் உடம்பில் போல்ட் ஆகும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கழற்றினால் பெரும்பாலும் அடியில் பெயின்ட் சுரண்டாமலே முடுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் இறங்கி பழுப்பாகத் துரு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, வயர் முனையில் புது தம்பிள் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து அழுத்தி க்ரிம்ப் செய்து, ஸ்டார் வாஷரோடு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கை நீட்டத் தெரிந்த யாரும் செய்யலாம், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யணும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எர்த் சரியாக இருந்தால் அடுத்தது வயரின் தடிமன். பம்பும் லைட்டும் ஒரே வயரில் போகிறதா என்று பாருங்கள், போகும் என்றுதான் நினைக்கிறேன். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், ஆகமொத்தம் 10 மீட்டர் 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் பம்பும் லைட்டும் சேர்ந்து 7 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே இடத்தில் 4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.3-தான். வீட்டு வயரிங் பழக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள், 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, 12-ல் போனால் கண்ணுக்கே தெரியும். பம்புக்கு தனி வயர், தனி ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கண்ணில் பட்டால் அதையும் வெட்டி எறிந்துவிட்டு க்ரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வெயிலில் டேப்பின் பசை இளகும், நம் ரோட்டுக் குலுக்கலில் முறுக்கு தளரும்.

ஸ்ட்ரிப் கருகுவதற்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கும். எல்.இ.டி. மூன்றும் சேர்ந்து ஒன்பதரை வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் இரண்டரை ரெசிஸ்டர் மேல் விழும். சோலாரோ ஆல்டர்னேட்டரோ 14.4 கொடுக்கும்போது அந்த மிச்சம் ஐந்தாகிவிடுகிறது, கரன்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பகலில் சார்ஜ் ஏறும்போது படுக்கை லைட்டை எரியவிட்டால் கருகாமல் என்ன செய்யும்? 11 வோல்ட்டில் இவ்வளவு மங்குவதும் இதனால்தான், மிச்சம் ஒன்றரையாகக் குறைகிறதே. எனவே மூன்றாவது தடவையும் ரோல் கணக்கில் மலிவு ஸ்ட்ரிப் வாங்காதீர்கள். 10–30 வோல்ட் என்று உடம்பிலேயே அச்சிட்ட, உள்ளே கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் (வோல்ட் ஏறி இறங்கினாலும் கரன்ட்டை ஒரே அளவில் வைக்கும் சர்க்யூட்) இருக்கும் லைட்டைக் கேளுங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்.

பட்டறை விஷயம். மீட்டர் ரீடிங், துருப்பிடித்த எர்த், வயர் தடிமன் எல்லாவற்றையும் கை வைப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியது எதற்கும் உதவாது, எழுத்தில் அனுப்பி இலவசமாகச் சரிசெய்து தரக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். 7 லட்சத்துக்கான வேலை என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் கெடு. பில் தராமல் பணம் வாங்கியிருந்தால் அதுவே இந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஒன்று மட்டும்: வார இறுதிகளில் வேனை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் “இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்றால் சட்டம் விலக்குத் தருகிறது, ஆனால் அதை நீங்கள்தான் காட்டணும்.

கேள்வி: எங்கள் வேனில் லைட் போட்டால் எஃப்.எம். ரேடியோ இரைகிறது. ஏரியல் கோளாறா? – மர்ஃபி டவுன் வாசகி

பதில்: ஏரியலாக இருந்தால் லைட் அணைத்தாலும் இரையும். எல்.இ.டி. டிரைவரில் மின்சாரத்தை வேகமாக வெட்டி விடும் சர்க்யூட் இருக்கும், மலிவானதில் அந்த இரைச்சலை அடக்கும் ஃபில்டரை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு லைட்டாக அணைத்துப் பாருங்கள், எதை அணைத்தால் பாட்டு தெளிகிறதோ அதுதான் குற்றவாளி. அதன் வயரில், லைட்டுக்கு ஒட்டினாற்போல, ஃபெரைட் கிளிப் (இரைச்சலை அடக்க வயரைச் சுற்றிக் கவ்வும் காந்தப்பொருள் துண்டு) ஒன்றைக் கவ்வவிடுங்கள். அடங்கவில்லை என்றால் அந்த ஒரு லைட்டை மட்டும் மாற்றுங்கள், ரேடியோவைத் தொட வேண்டாம்.