ரத்த மூலம்தானே என்று விட்டுவிடலாமா? பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பு குறித்துக் குடல்நோய் மருத்துவரின் பதில்கள்

டாக்டர், எனக்கு 53 வயது. ஒரு வருடமாக மலம் கழிக்கும்போது அவ்வப்போது ரத்தம் போகிறது. மூலம் என்று நாட்டு மருந்து சாப்பிடுகிறேன். வலி இல்லை. வேறு பரிசோதனை தேவையா? (கும்பகோணம்)

கட்டாயம் தேவை. பேருந்து நிலையச் சுவரெங்கும் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரங்களைப் பார்த்தே பழகிய நம் ஊர்களில், ரத்தம் போனால் மூலம்தான் என்று நோயாளியே முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், மூலம் உள்ளவருக்கே சற்று மேலே மலக்குடலில் கட்டியும் இருக்கலாம், இரண்டுமே வலியின்றி ரத்தம் கசியலாம். மலம் கழித்த பின் ரத்தம் சொட்டுகிறதா, மலத்தோடும் சளியோடும் கலந்து வருகிறதா என்பது துப்புதானே தவிர, அதை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை மருத்துவரின் கையுறையணிந்த விரலே பல நேரம் கண்டுபிடித்துவிடும். அப்பரிசோதனையைச் செய்யாமலேயே களிம்பு எழுதித் தரப்படுவது எனக்குத் தீராத வருத்தம். உங்கள் வயதுக்கு, ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் செய்துகொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. நன்றாக இருக்கும்போது எதற்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்? (மதுரை)

நன்றாக இருக்கும்போது பார்ப்பதில்தான் பயனே இருக்கிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. அது புற்றாக மாறச் சாதாரணமாகப் பத்து ஆண்டுகளாவது ஆகும். அந்த இடைவெளியில் கொலனோஸ்கோப்பியின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை விட்டு அதை அறுத்தெடுத்துவிட்டால், வரவிருந்த நோய் வராமலே போகிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும்தான் பார்க்கிறது. ஆகவே குடலைப் பற்றி நீங்களாகத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. மலப் பரிசோதனைப் பெட்டி வாங்கி வைத்தும், கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிறார். ஆட்டிறைச்சி சாப்பிட்டிருந்தால் முடிவு தவறாகுமா?

ஆகாது. ‘ஃபிட்’ எனப்படும் இப்பரிசோதனை மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டுமே அடையாளம் காணும். அங்கே 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் இதைச் செய்துகொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். கழிப்பறையில் தனியாக, குச்சியால் மலத்தின் மேற்பரப்பைச் சுரண்டிக் குப்பியில் இட்டு மூடினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் அடுத்த படி கொலனோஸ்கோப்பிதான். இன்னொரு முறை ஃபிட் செய்து, ரத்தம் இல்லை என்று வந்ததும் நிம்மதியடைவது ஆபத்தான வழி.

அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. நான் எப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்? (திருநெல்வேலி)

38 வயதில். நெருங்கிய ரத்த உறவுக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலிருந்து பத்து ஆண்டு முன்பு, அல்லது 40 வயது, இவற்றில் எது முந்தியதோ அதுவே கணக்கு. உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

வாழைத்தண்டும் கீரையும் தினமும் சாப்பிட்டால் வராதுதானே? (ஈரோடு)

நார்ச்சத்து ஆபத்தைக் குறைக்கும், ஆனால் பரிசோதனைக்கு ஈடாகாது. மதுவையும் புகையையும் விடுவதும், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைக் குறைப்பதும் அதே அளவு முக்கியம்.

அப்பாவுக்கு 64 வயது. ஹீமோகுளோபின் 8தான் இருக்கிறது. ரத்தம் எதுவும் போகவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போதுமா? (யாழ்ப்பாணம்)

போதாது. அந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால், குடலில் எங்கோ கசிகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் மாதக்கணக்கில் ரத்தத்தை இழக்கச் செய்யும். மாத்திரையால் எண்ணிக்கை ஏறும், கட்டி அங்கேயே இருக்கும். வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டையும் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கருமையாக்கிக் குடலைத் தெளிவாகப் பார்க்கவிடாது என்பதால், கொலனோஸ்கோப்பிக்குச் சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.