கும்பிடாத மகனும் குலசாஸ்தா கோயிலும்

கேள்வி: மகனுக்குச் சாமி நம்பிக்கை இல்லை. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலதெய்வமான மேலப்புதுக்குடி சாஸ்தா கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். கல்யாணத்துக்கும் ஐயர் வேண்டாமாம். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதே இல்லை, நான்தான் தூது. என்ன செய்ய?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் தூது போவதை நிறுத்துங்கள், அம்மா. அவர்கள் சொன்னதில் இருந்த வருத்தம் வழியிலேயே விட்டுப்போய், கோபம் மட்டும்தான் போய்ச் சேர்கிறது.

உத்திரத்துக்கு 2 வாரம் முன்பே இருவரையும் வீட்டில் எதிரெதிரே உட்கார வையுங்கள். கோயிலுக்குப் போகிற வேனில் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் இருவருமே இறங்கி வர மாட்டார்கள். கடவுள் உண்டா என்ற பேச்சையும் அன்று எடுக்காதீர்கள். கோயிலுக்கு வந்தால் என்ன செய்வான், என்ன செய்ய மாட்டான் என்பது மட்டும் தீர்ந்தால் போதும்.

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று வந்த பிறகே பதில். அப்பாவுக்குச் சாஸ்தா கோயில் என்பது தாத்தா பொங்கலிட்ட இடம், சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற பங்காளிகளைப் பார்க்கிற நாள். மகனுக்கோ நம்பாமல் கைகூப்புவது அப்பாவை ஏமாற்றுவதாகப் படலாம். இரண்டிலுமே மரியாதை இருக்கிறது.

தண்ணீர் சுமப்பது, அடுப்பு மூட்டுவது, பந்தி பரிமாறுவது எல்லாம் அவன் தாராளமாகச் செய்யலாம். தீபாராதனையின்போது பேசாமல் நின்றால் போதும். சிக்கல் திருநீற்றில்தான் வரும். தட்டு முகத்துக்கு நேரே வந்தபின் மறுத்தால் பூசாரிக்கும் சங்கடம். வாங்கி உங்கள் கையில் தருவதா, பின்னால் தள்ளி நிற்பதா என்று முன்பே பேசி வையுங்கள். கல்யாணமானால் அவனும் ஒரு தலைக்கட்டு, அதாவது கோயில் கணக்கில் தனிக் குடும்பம். கோயில் வரி கொடுப்பானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

"ஏல, சாமி கும்பிடலியா?" என்று அத்தை கேட்டால் மகன் விளக்கம் சொல்ல வேண்டாம். "அவன் விருப்பம், விடு" என்று அப்பா சொல்லட்டும். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

"மூடநம்பிக்கை" என்று அவன் சொல்லக் கூடாது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், "நீ கும்பிடாததாலதான்" என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் வருஷக்கணக்கில் ஆறாது. இந்த வருஷம் வந்தவன் அடுத்த வருஷம் கும்பிட்டுவிடுவான் என்ற கணக்கும் வேண்டாம். பேசி வைத்தது பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

கல்யாணத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். சொந்தபந்தம் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம், 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி, இந்து திருமணச் சட்டம் 7-ஏ பிரிவில் செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் பெண்ணுக்கும் அதில் சம்மதம் வேண்டும். பெண் பார்க்கப் போகும்போதே அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவன் உங்கள் மகன்.