கலவை மருந்தகத்தில் தயாரிக்கும் செமாக்ளூடைட் ஊசியை எடைக்கும் சர்க்கரைக்கும் நம்பிப் போடலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். டைப் 2 சர்க்கரை நோய். செமாக்ளூடைடின் அசல் வணிக மருந்தான ஒசெம்பிக்குக்குக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. இணையவழி மருத்துவத் தளம் ஒன்று, கலவை மருந்தகம், அதாவது மருந்தைத் தானே கலந்து தயாரிக்கும் மருந்தகம், குப்பியில் அடைத்த அதே மருந்தைக் கால் விலைக்கு அனுப்புகிறதாம். "உள்ளே இருப்பது ஒன்றுதானே, வாங்கினால் என்ன?" என்பது கேள்வி.

நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு 2024-ல் ஏழு மாதம் அந்தக் குப்பி மருந்தைப் போட்டேன். முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறாவது மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு குப்பியின் லேபிளை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். முதலில் அந்தக் கதை.

ஒசெம்பிக் பேனா வடிவில் வரும். திருகினால் 0.25, 0.5 என்று எண் தெரியும், அழுத்தினால் முடிந்தது. கலவை மருந்தகம் அனுப்புவதோ சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்றும் ஒரு பை நிறைய இன்சுலின் சிரிஞ்சுகளும். அந்தச் சிரிஞ்சில் இருப்பவை யூனிட் கோடுகள். ஒரு மில்லிலிட்டருக்கு 100. அவை இன்சுலினுக்காகப் போட்ட கோடுகள். செமாக்ளூடைடின் அளவோ மில்லிகிராமில். மில்லிகிராமை யூனிட்டாக மாற்றும் கணக்கு குப்பியில் மருந்து எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தது. எனக்கு வாரம் 0.5 மில்லிகிராம், ஆகவே 20 யூனிட். வெள்ளிக்கிழமை இரவு, இருபதாவது கோடு. ஐந்து மாதத்தில் அது கைப்பழக்கமாகிவிட்டது.

ஆறாவது மாதம் வந்த குப்பிக்கு அதே நிற மூடி, அதே பெயர், அதே எழுத்துரு. செறிவு மட்டும் 5 மில்லிகிராம். லேபிளில் 10 யூனிட் என்று சரியாகவே அச்சிட்டிருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்போ, சிவப்பு எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டோ இல்லை. நான் பழக்கத்தில் இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இரட்டிப்பு மருந்து.

விடியும்முன் குமட்டல் எழுப்பியது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. நான் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெப்பிரைடு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வயிறு காலி, சர்க்கரை 61-க்கு இறங்கியது. நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்தேன். என் மருத்துவரையும் எழுப்பினேன். கிளிமெப்பிரைடை உடனே நிறுத்தச் சொன்னார், சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொன்னார், மணிக்கொரு முறை விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார், 60-க்குக் கீழே போனால் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார். செமாக்ளூடைடுக்கு முறிமருந்து கிடையாது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். மூன்றாம் நாள்தான் கஞ்சி இறங்கியது.

நான் தப்பித்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது. 2024 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட எச்சரிக்கையில், கலவை செமாக்ளூடைடைக் குப்பியிலிருந்து தாங்களே அளந்து போட்டவர்கள் சிலர் வேண்டிய அளவைப்போல் 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு மருத்துவமனைப் படுக்கை. தவறு நோயாளிகளுடையது மட்டுமல்ல. கணக்கைத் தவறாகப் போட்டு எழுதிக்கொடுத்த மருத்துவர்களும் உண்டு.

அந்தக் காலத்துக் கம்பவுண்டரை நினைத்துக்கொள்கிறேன். மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில், பல்பல்லாய் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தவறாது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பட்டையை வெட்டியவர் அவர். என் சிரிஞ்சின் கோடுகளை யாரோ எதற்காகவோ போட்டிருந்தார்கள்.

இனி, "உள்ளே இருப்பது ஒன்றுதானா?" பெரும்பாலும் ஆம் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கு வேலை செய்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 8.1-லிருந்து 6.7-க்கு வந்தது, எடையில் 24 பவுண்டு குறைந்தது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு வாராவாரம் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. கலவை மருந்துகளுக்கு எஃப்டிஏ ஒப்புதல் கிடையாது. விற்பனைக்கு வருமுன் அவற்றின் தரத்தையோ பலனையோ அது சோதிப்பதில்லை. சில இடங்களில் செமாக்ளூடைட் சோடியம், செமாக்ளூடைட் அசிடேட் என்ற உப்பு வடிவங்களைப் பயன்படுத்தியதாகவும் தெரியவந்தது. அவை ஒசெம்பிக்கில் உள்ள பொருள் அல்ல.

கலவை மருந்தகங்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரு சாயப்பொருள் ஒவ்வாத நோயாளிக்கு அது இல்லாத மாத்திரை, விழுங்க முடியாத குழந்தைக்குத் திரவ மருந்து, இதெல்லாம் அவர்கள் இல்லாமல் நடக்காது. சட்டத்தில் அவர்களுக்கு இரண்டு வகை. 503ஏ என்பது மருந்துச்சீட்டுக்கு ஒன்றாகத் தயாரிக்கும் சாதாரண மருந்தகம். பெரும்பாலும் மாநிலத்தின் கண்காணிப்பு. 503பி என்பது மொத்தமாகத் தயாரிக்கும் நிலையம். எஃப்டிஏவில் பதிந்து, மருந்துத் தொழிற்சாலைக்குரிய தர விதிகளைப் பின்பற்ற வேண்டும். இந்த இரண்டாவது வகையே ஒரு துயரத்துக்குப் பின் வந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் கலவை மருந்தகம் ஒன்றின் முதுகு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; 2013-ல் சட்டம் வந்தது.

செமாக்ளூடைடும் அதைப் போன்ற இன்னொரு ஊசி மருந்தான டிர்செபடைடும் 2022-ல் எஃப்டிஏவின் தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியதால்தான் இந்தக் குப்பி வியாபாரமே பெருகியது. தட்டுப்பாடு இருக்கும்வரை அசலின் நகலைத் தயாரிக்க இடம் உண்டு. டிர்செபடைட் தட்டுப்பாடு 2024 டிசம்பரிலும், செமாக்ளூடைட் தட்டுப்பாடு 2025 பிப்ரவரி 21 அன்றும் தீர்ந்ததாக அறிவித்துவிட்டார்கள். செமாக்ளூடைடுக்கு மருந்தகங்களுக்கு ஏப்ரல் 22 வரையும் 503பி நிலையங்களுக்கு மே 22 வரையும் அவகாசம் தந்தார்கள். அதற்குப் பிறகும் பல தளங்கள் விற்கின்றன: "இது நகல் இல்லை, வைட்டமின் பி12 சேர்த்து உங்களுக்கென்றே தயாரித்தது" என்கிறார்கள். என் ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 குறையலாம், அது உண்மை. அதற்குத் தனியாக மாத்திரை இருக்கிறது. அந்த வாசகம் நோயாளிக்காக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை, வக்கீலுக்காக எழுதியது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் காப்பீட்டு மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வேன். சர்க்கரை நோய் உள்ளவருக்கு எடைக் குறைப்பை மட்டும் கேட்பவரைவிட வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் போதவில்லை என்பதற்கான ஏ1சி அறிக்கைகளை வைத்து என் மருத்துவர் எழுதிய இரண்டாவது கடிதத்தில்தான் எனக்குக் கிடைத்தது. எடைக்கு மட்டும் என்றால் தயாரிப்பாளர்களே இப்போது நேரடியாக விற்கிறார்கள். லில்லி நிறுவனம் 2024 ஆகஸ்டில் செப்பவுண்டின் (எடைக்கான டிர்செபடைட்) தொடக்க அளவுக் குப்பியை மாதம் 399 டாலருக்குத் தொடங்கியது, ஒசெம்பிக்கைத் தயாரிக்கும் நோவோ 2025 மார்ச்சில் வெகோவியை (எடைக்கான செமாக்ளூடைட்) 499 டாலருக்கு. கால் விலை என்ற பேச்சு அங்கேயே பாதி அடிபட்டுப் போகும்.

குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, எந்த வடிவில் வாங்குவதானாலும் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். தளத்தின் கேள்வித்தாளில் டிக் அடிப்பது பேசுவது ஆகாது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதிய தூளை வாங்கி வீட்டில் கரைப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, வேண்டாம் என்பதைத் தவிர.

இதையெல்லாம் மீறிக் கலவை மருந்துதான் என்று முடிவானால், மருந்தகத்தின் மாநில உரிமத்தைச் சரிபாருங்கள், உப்பு வடிவமா என்று கேளுங்கள், தொலைபேசியில் ஒரு மருந்தாளுநர் நேரடியாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். குளிர்ப்பெட்டி வெதுவெதுப்பாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்: வேண்டிய மில்லிகிராமை, ஒரு மில்லிலிட்டரில் உள்ள மில்லிகிராமால் வகுத்து, நூறால் பெருக்கினால் யூனிட். 0.5-ஐ 5-ஆல் வகுத்தால் 0.1, நூறால் பெருக்கினால் 10. நான் அன்று போட்டது 20.