சொரசொரப்பான சோலார் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறோம். ‘டெக்ஸ்சர் கண்ணாடி பேனல் என்றால் சாய்வெயிலிலும் மதியம் மாதிரியே கரண்ட் வரும், சாய்த்து வைக்கவே வேண்டாம்’ என்று சொல்லி ஏஜென்ட் 25 ஆயிரம் கூடுதலாகக் கேட்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள்.

இப்போது விற்கும் மோனோ பேனலில் (ஒற்றைப் படிக சிலிக்கானில் செய்தது), கரண்ட் உண்டாக்கும் தகடான செல் ஏற்கெனவே சொரசொரப்புதான். வழவழப்பான வெறும் சிலிக்கான், விழும் ஒளியில் 30 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கம்பெனியிலேயே காரக் கரைசலில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளை எழுப்புகிறார்கள். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டுத் திரும்புகிற மாதிரி, ஒரு சரிவில் தெறித்த ஒளி பக்கத்துச் சரிவில் போய் விழும். இதற்குத் தனிக்காசு கிடையாது.

ஏஜென்ட் சொல்லும் ‘டெக்ஸ்சர்’, செல்லை மூடியிருக்கும் வெளிக்கண்ணாடியின் சொரசொரப்பு. சாதாரணக் கண்ணாடி நேர்வெயிலில் 4 சதவீதம் ஒளியைத் திருப்பும். வெயில் அந்த நேர்திசையிலிருந்து 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் சுமார் 9, 80 டிகிரியில் 40-ஐ நெருங்கும். சொரசொரப்பு இதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் 80 டிகிரியில், நேராக விழும் வெயிலில் ஆறில் ஒரு பங்குதான் பேனலுக்கே வருகிறது. மழையில் சாய்த்து வைத்த குடத்தின் வாயை எவ்வளவு மெருகிட்டாலும் நிரம்புமா?

அப்புறம் நம் ஊர்த் தூசி. திருவொற்றியூரில் ஒரு மாடியில் இப்படிப்பட்ட கண்ணாடியை விரலால் வழித்துப் பார்த்தேன். சாம்பலும் உப்பும் பனியில் நனைந்து, குழிக்குள் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தன. துணியால் துடைத்தும் வரவில்லை.

ஒரே ஒரு இடத்தில் வாங்கலாம். மாடியில் உரிமை இல்லாமல், கிழக்குச் சுவரிலோ பால்கனிக் கம்பியிலோ பேனலைச் செங்குத்தாக மாட்டுகிறவர்களுக்கு. காலை எட்டு மணிக்கு வெயில் நன்றாகவே விழும். பதினொன்றைத் தாண்டினால் சுவரை உரசிக்கொண்டுதான் இறங்கும். அந்த உரசல் வெயிலில் கொஞ்சம் லாபம் உண்டு. அங்கேயும் கை எட்டிக் கழுவ முடிந்தால் மட்டும். உங்களுக்கு மாடி இருக்கிறது, இது வேண்டாம்.

முக்கியமானது மானியம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதற்குப் பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். ‘ஸ்பெஷல் கண்ணாடி’ என்று இறக்குமதிச் சரக்கைத் தலையில் கட்டினால் அந்தப் பணம் போச்சு. இதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அலுவலகங்களோ, மீட்டர் மாற்றவே நாலு தடவை நடக்க வைக்கின்றன. எரிச்சலாக இருக்கிறது, ஏஜென்ட் பேச்சுக்கு ஊரே மயங்குவது இதனால்தான்.

சாதாரண பேனலையே தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்த்து வையுங்கள். மிச்சமாகும் 25 ஆயிரத்தில் முதலில் மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இழுத்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும்.