வாசகர் கேள்வி – பதில்: சிட்னியின் தண்ணீரும் நம் குடும்பங்களும்

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு சிட்னியில் வெண்ட்வொர்த்வில் என்ற இடத்தில் இருக்கிறான். கடலோர நகரம் என்று பெயர்தான். போன தடவை ஒன்றரை மாதம் தங்கியும் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு நாள். டிசம்பரில் மறுபடியும் போகிறேன். கார் இல்லாமல், அதிகச் செலவும் இல்லாமல், பேரப்பிள்ளைகளை நானே எங்கே அழைத்துப் போகலாம்? – தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் மகனைக் குறை சொல்ல வேண்டாம், அம்மா. வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகள் எல்லாம் துறைமுகத்திலிருந்து மேற்கே 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கின்றன. வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் மளிகைக் கடையையும் பார்த்துத்தான் அங்கே வீடு பிடிக்கிறோம். சனிக்கிழமை வந்தால் துணி துவைப்பதற்கும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விடுவதற்குமே நேரம் சரியாகிவிடுகிறது. 2009-இல் திருச்சியிலிருந்து வந்த நாங்களும் முதல் வருடம் முழுவதும் துறைமுகத்தை இரண்டே முறைதான் பார்த்தோம்.

உங்களுக்கு நான் சொல்வது பரமட்டா படகு. வெண்ட்வொர்த்விலிலிருந்து சிறிது நேர ரயில் பயணத்தில் பரமட்டா வந்துவிடும். ஆற்றங்கரைப் படகுத்துறை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். முதல் பகுதியில் ஆறு குறுகலாக இருக்கும். இரு கரையிலும் அலையாத்திக் காடு நிற்பதால், படகு கிளப்பும் அலை கரையை அரித்துவிடக் கூடாதென்று மிக மெதுவாகச் செலுத்துவார்கள். சேற்றில் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பிச்சாவரம் போய் வந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்த மண்ணின் பழங்குடியினரான தாருக் மக்களின் மொழியில் பரமட்டா என்பதற்கு விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஊர் ரக்பி அணிக்கு விலாங்கு என்றே பெயர் இருப்பதை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். ஆறு மெல்ல மெல்ல அகன்று, காக்கட்டூ தீவைக் கடந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் 1932-இல் திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்தின் அடியில் படகு நுழையும்போது, ஓபரா ஹவுஸ் முழுவதுமாகக் கண்ணெதிரே வந்து நிற்கும். திரும்பும்போது, படகு போய் நிற்கும் சர்குலர் கீ துறையை ஒட்டிய நிலையத்தில் ரயில் ஏறிவிடுங்கள். வார இறுதி நாட்களில் ஒரு நாளுக்கான கட்டண உச்சவரம்பு குறைவு என்பதால், அந்த வரம்பை எட்டிய பிறகு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கூடுதலாகப் பிடிக்க மாட்டார்கள். ஆற்றில் நீர் வற்றும் நேரங்களில் படகு பரமட்டா வரை வராமல் ரைடல்மியர் துறையோடு நின்றுவிடும், இடைப்பட்ட தூரத்துக்குப் பேருந்துதான் என்பதால், முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மெரினாவில் விளையாடி வளர்ந்தவன்; நன்றாக நீந்தத் தெரியும். இப்போது சிட்னிக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். கொடி நட்ட இடத்தில் மட்டும்தான் குளிக்க வேண்டும் என்கிறார்கள். மற்ற இடங்களில் கூட்டமும் இல்லை, அலையும் குறைவாகத்தான் தெரிகிறது. இந்தக் கட்டுப்பாடு அவசியமா? – சென்னை வாசகர்

பதில்: உயிர் காக்கும் கட்டுப்பாடு இது. உங்கள் கேள்வியிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது: அலை குறைவாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடந்தான் இங்கே ஆளை விழுங்குகிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு இடையே ஒரு வாய்க்காலை அறுத்துக்கொண்டு, அதன் வழியாக வேகமாக வெளியே ஓடுகிறது. வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. நுரை இல்லாமல், சற்றே கறுத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று நம்பி அதில்தான் இறங்குகின்றன. ரிப் என்று இங்கே எல்லோரும் சொல்வது இந்த நீரோட்டத்தைத்தான்.

என் கொழுந்தனார் காவிரியில் எதிர்நீச்சல் போட்டுப் பழகியவர். இங்கு வந்த இரண்டாம் வாரம், கொடி இல்லாத ஓர் இடத்தில் இடுப்பளவு நீரில் நின்றிருந்தவர், நாங்கள் துண்டை விரித்து நிமிர்வதற்குள் தலை மட்டும் தெரியும் தூரத்துக்குப் போய்விட்டார். கரையை நோக்கி வீசி வீசி நீந்தினார்; ஓர் அடிகூட முன்னால் வர முடியவில்லை. பலகையோடு பாய்ந்து போன உயிர்காப்புப் படைப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. கரைக்கு வந்த பிறகு கொழுந்தனார் கைகள் நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

போண்டாய் கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானோரை உள்ளே இழுத்தபோது, அன்று அங்கே திரண்டிருந்த தன்னார்வ உயிர்காப்பாளர்கள் ஐவரைத் தவிர மற்ற அனைவரையும் மீட்டார்கள். அந்த மரபில் வந்தவர்கள்தான், எங்கே இறங்கலாம் என்று கடலைப் பார்த்து அறிந்து, சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளை நடுகிறார்கள். நீரோட்டம் மாறினால் அன்றைக்கே கொடிகளையும் இடம் மாற்றுகிறார்கள். கொடியே இல்லாத கடற்கரை என்றால் மணலோடு நின்றுவிடுங்கள். ஒருவேளை இழுத்துக்கொண்டால் எதிர்த்து நீந்தி வலுவைச் செலவழிக்காமல், மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள்; தெம்பு இருந்தால் பக்கவாட்டில், அலை உடையும் வெள்ளைப் பகுதியை நோக்கி நகருங்கள். பிள்ளைகளை நிப்பர்ஸ் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கோடையில் ஞாயிறு காலைகளில் கடலோர உயிர்காப்புக் கழகங்கள் ஐந்து வயதிலிருந்து சொல்லித் தருகின்றன. எங்கள் வீட்டில் கடலைப் படிக்கத் தெரிந்தவள் என் மகள்தான். அவள் சரி என்று சொன்ன பிறகே நாங்கள் காலை நனைக்கிறோம்.

கேள்வி: கோயிலுக்கும் போக வேண்டும், பிள்ளைகளுக்கும் சலிக்கக் கூடாது. ஒரே நாளில் முடியுமா? – மதுரை வாசகர்

பதில்: முடியும். நகரத்துக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் 1985-இல் குடமுழுக்குக் கண்ட வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. காலையிலேயே தரிசனத்தை முடித்து, கோயில் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, காரில் சில நிமிடம் தள்ளியுள்ள பால்ட் ஹில் மேட்டுக்குப் போய்விடுங்கள். காற்று சரியாக இருந்தால் இறக்கை கட்டிக்கொண்டு மலை விளிம்பிலிருந்து குதித்துக் கடல்மேல் மிதக்கிறவர்களைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்த மேட்டின் கீழுள்ள ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் விமான ஆராய்ச்சி முன்னோடி லாரன்ஸ் ஹார்கிரேவ் 1894-இல் தான் செய்த பெட்டிப் பட்டங்களில் தொங்கித் தரையிலிருந்து மேலெழுந்தார். இன்னும் சற்றுத் தெற்கே போனால், பாறை சரியும் மலைச்சுவரை விட்டு விலகி, கடலுக்கு மேலேயே 665 மீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் சீ கிளிஃப் பாலம் வரும். ஓரமாக நடைபாதை உண்டு, நடந்து பாருங்கள்.

கேள்வி: என் தாயார் புடவையோடுதான் கடலில் இறங்குவார். ஆண்கள் இருக்கும் இடத்தில் நனைய மாட்டார். சிட்னியில் அவருக்கு ஏதாவது வழி உண்டா? – கும்பகோணம் வாசகி

பதில்: உண்டு. கூஜி என்னும் இடத்தில், குன்றின் அடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே மெக்கைவர்ஸ் என்ற கடல்நீர்க் குளம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் அங்கே குளித்து வருகிறார்கள். மேற்கிலிருந்து வருபவர்கள் சென்ட்ரல் வரை ரயிலிலும், ராண்ட்விக் வரை டிராமிலும், பிறகு பேருந்திலும் போக வேண்டியிருப்பதால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அலை பாறை தாண்டிக் குளத்துக்குள் விழும், அன்று வேண்டாம். ஆறு கஜம் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சல்வாரோ முழுக்கைச் சட்டையோ போடச் சொல்லுங்கள், அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் மாமியாரும் இதே காரணத்தால் பல வருடம் கரையிலேயே உட்கார்ந்திருந்தவர். முதல் ஞாயிறு குளத்துப் படியில் அமர்ந்து, படித்துறையில் செய்வது போல இரு கையாலும் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. மூன்றாவது ஞாயிறு கழுத்தளவு நீரில் நின்று, “இப்போது போக வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன்” என்றார்.