கிளாஸ் மாறினா கத்தா தப்பாயிடுமா? கென்போ படிக்கிற தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: மாஸ்டர் வணக்கம். கேஎல் செந்தூல்ல மூணு வருஷம் கென்போங்கற தற்காப்புக் கலை படிச்சேன், பர்ப்பிள் பெல்ட். வேலை பாயான் லெப்பாஸுக்கு மாறிடுச்சு, அதனால இப்ப பினாங்குல ஒரு கிளாஸ்ல சேர்ந்திருக்கேன். இங்க என்னோட லாங் 1ங்கற கத்தா, அதாவது தனியா செய்யற அசைவு வரிசை, தப்புன்னு சொல்றாங்க. பிளாக் போடுறப்ப, அதாவது அடியத் தடுக்கறப்ப, கை போற வழி, திரும்புற விதம் எல்லாமே வேற. ஒயிட் பெல்ட்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம், இல்லனா 480 வெள்ளி கட்டி கன்வர்ஷன், அதாவது பழைய பெல்ட்ட இவங்க பெல்ட்டா மாத்திக்கறது, எடுத்துக்கலாமாம், கூடவே இன்டர்நேஷனல் சர்டிபிகேட்டும் வருமாம். கிளாஸ் வாட்சப் குரூப்ல தினமும் யூடியூப் வீடியோ போட்டு எது ஒரிஜினல்னு சண்டை வேற. எதுதான் சரி? என் தங்கச்சியும் கூட வர்றா, பாரம் 4 படிக்கிறா, கத்தா போட்டியில ஸ்டேட் அளவுக்குப் போகணும்னு ஆசை. இந்த சர்டிபிகேட் இருந்தா கோக்கோ மார்க், அதாவது ஸ்கூல் புறப்பாட மார்க், கிடைக்கும்னும் சொல்றாங்க. பணத்த கட்டலாமா?

பதில்:

தம்பி, முதல்ல பணத்த கட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம். உங்க லாங் 1 தப்பு இல்ல, அவங்களோடதும் தப்பு இல்ல, ரெண்டும் ஒரே ஆளுகிட்டேர்ந்து கிளம்பி வேற வேற கை மாறி வந்திருக்கு, அவ்வளவுதான். புது கிளாஸ்ல அந்த மாஸ்டர் சொல்ற மாதிரி செய்ங்க, பழச வீட்டுல விடாம செஞ்சுக்கிட்டு வாங்க. உங்க கேள்விக்கு பதில் இவ்வளவுதான், ஆனா இத ஏன் சொல்றேன்னு தெரியலனா நாளைக்கே வேற ஒருத்தர் வந்து வேற ஒரு பேர் சொல்லி காசு கேப்பாரு, அதனால கொஞ்சம் விவரமா சொல்லிடறேன்.

லாங் 1னு நீங்க சொல்றதுலயே இது எட் பார்க்கர் வழி வந்த கென்போன்னு தெரியுது. அவர் 1931ல ஹவாய் தீவுல, ஹொனலூலுல பிறந்தவரு. வில்லியம் சௌகிட்ட படிச்சாரு, சௌவுக்கு ஜேம்ஸ் மிட்டோசே சொல்லிக் கொடுத்தாரு. பார்க்கர் 1956ல கலிபோர்னியாவுக்குப் போயி பாசடேனால பள்ளி திறந்தாரு. 60கள்ல சீன குங்ஃபூ தெரிஞ்ச ஆளுங்ககூட பழகி அதுலேர்ந்து நிறைய எடுத்து உள்ள போட்டாரு, பின்னாடி அதுல சிலத தூக்கிட்டு சொந்தமா ஃபார்ம், அதாவது கென்போ கத்தா, அமைச்சாரு. ஒரு பெல்ட்டுக்கு 32 டெக்னிக்னு இருந்தத 24ன்னு ஆக்கினதும் அவர்தான். மனுஷன் கடைசி வரைக்கும் மாத்திக்கிட்டே இருந்தாரு. 1990 டிசம்பர்ல அவர் இறந்ததும், இவர்தான் அடுத்த தலைவர்னு எல்லாரும் ஏத்துக்கிட்ட ஆள் யாரும் இல்லாம போயி, சீனியருங்க ஆளுக்கொரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இப்ப யோசிங்க, 60கள்ல அவர்கிட்ட படிச்சவரும் 80கள்ல படிச்சவரும் தான் கத்துக்கிட்டத அப்படியே நேர்மையா சொல்லிக் கொடுத்தாக்கூட ரெண்டு பேர் ஃபார்மும் ஒண்ணா இருக்காது. இதுல எது ஒரிஜினல்னு குரூப்ல அடிச்சிக்கிறதுக்கு என்ன இருக்கு?

கராத்தேலயும் இதேதான் நடந்துச்சு. இத்தோசு அன்கோ ஒகினாவா பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்காக பினான்னு அஞ்சு கத்தா அமைச்சாரு. ஃபுனகோஷி அத ஜப்பானுக்குக் கொண்டு போறப்ப ஹெய்யான்னு பேர் மாத்தி, முதல் ரெண்டையும் இடம் மாத்தி வச்சாரு. இன்னிக்கு ஷிட்டோ ரியூ பிள்ளை பினான் ஷோடான்னு செய்யறத ஷோட்டோகான் பிள்ளை ஹெய்யான் நிடான்னு செய்யும். நிலை வேற, கை உயரம் வேற, ரெண்டும் உலகப் போட்டியில நிக்குது.

நம்ம பாட்டு கிளாஸ்ல பாடாந்தரம்னு சொல்வாங்கல்ல, ஒரே கீர்த்தனைய ஒரு குரு வழியில ஒரு சங்கதியோடயும் இன்னொரு குரு வழியில வேற சங்கதியோடயும் பாடுவாங்க. வேற டீச்சர்கிட்ட போனா அவங்க பாடாந்தரத்த கத்துக்குவோம், பழச தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கன்வர்ஷன்னு ஒரு பில்லும் வராது. கென்போவையும் அப்படியே வச்சுக்குங்க.

சரி, அப்ப எப்படி செஞ்சாலும் சரியான்னு கேப்பீங்க. அப்படி இல்ல. ஒவ்வொரு ஃபார்மும் ஒரு பாடத்துக்காக இருக்கு, அந்தப் பாடம் உள்ள இருக்கான்னுதான் பாக்கணும். ஷார்ட் 1ல பின்னால போறதும் முன் கையால தடுக்கறதும் மட்டும்தான். லாங் 1ல அதோட பின் கை குத்து சேருது, நியூட்ரல் போங்கற நடுநிலை நிலைலேர்ந்து ஃபார்வர்ட் போங்கற முன்னோக்கின நிலைக்கு இடுப்பத் திருப்பி குத்துறோம். ஷார்ட் 2ல முன்னால போறோம். ஷார்ட் 3லேர்ந்து நீங்க தனித்தனியா படிச்ச டெக்னிக்கையே கோத்து வச்சிருப்பாங்க. கை காதுகிட்டேர்ந்து வருதா இடுப்புலேர்ந்து வருதா, ஆரம்பத்துல வணக்கம் நீளமா குட்டையா, இதெல்லாம் கிளாஸுக்குக் கிளாஸ் மாறும், விட்டுடுங்க.

நீங்களே சோதிச்சுப் பாக்க ஒண்ணு சொல்றேன். தாமான் டேவான்ல, அதாவது குடியிருப்பு மண்டபத்துல, டைல்ஸ் தரைதானே இருக்கும், ஒரு நேர் கோட்டப் பாத்து நில்லுங்க, அந்தக் கோடு எதிராளிய நோக்கிப் போகணும். இடது கால பின்னால எடுத்து வச்சு வலது கையால இன்வர்ட் பிளாக், அதாவது உள்பக்கமா வர்ற தடுப்பு, போடுங்க, போட்ட இடத்துலயே நின்னு கீழ பாருங்க. முன் காலோட விரல் நுனியும் பின் காலோட குதிகாலும் அதே கோட்டுல இருக்கணும், எடை ரெண்டு காலுக்கும் பாதி பாதி. இப்ப கூட்டாளி ஒருத்தர மூஞ்சிக்கு நேரா மெதுவா குத்தச் சொல்லுங்க. கால் தரையில ஊணுற நேரமும் பிளாக் போய்ச் சேருற நேரமும் ஒண்ணா இருக்கா? முழங்கை கீழ தொங்கி நிக்குதா, இல்ல கோழி ரெக்க மாதிரி தூக்கிக்குதா? பிளாக் போட்ட கைய அவர் லேசா தள்ளினா உங்க உடம்பு ஆடுதா? செந்தூல்ல படிச்ச மாதிரி ஒரு தடவ, பினாங்கு மாதிரி ஒரு தடவ செஞ்சு பாருங்க. ரெண்டும் நின்னுச்சுன்னா ரெண்டும் சரி. ஒண்ணு ஆடுச்சுன்னா பெரும்பாலும் கோளாறு ஃபார்ம்ல இருக்காது, உங்க கால்லதான் இருக்கும்.

இந்த சோதனைய மாஸ்டருக்கும் வச்சுப் பாருங்க, மரியாதையா. "மாஸ்டர், இந்த எடத்துல கை ஏன் இப்படிப் போகுது?"ன்னு கேளுங்க. நல்ல மாஸ்டரா இருந்தா எந்திரிச்சு வந்து, குத்துடான்னு சொல்லி செஞ்சு காட்டுவாரு. "இதுதான் ஒரிஜினல், கேள்வி கேக்காத"ன்னு சொன்னாருன்னா வேற கிளாஸ் தேடுங்க. வாட்சப்ல வீடியோ போடுற பிள்ளைங்ககிட்டயும் இதையே சொல்லுங்க, வீடியோவுல யார் எத்தனாவது டான்னு பேசறத விட்டுட்டு இந்த அடி வந்தா இந்தக் கை என்ன செய்யும்னு டேவான்ல நின்னு பேசினா அந்த விவாதத்துல பிரயோஜனம் உண்டு. கத்தாவப் பத்தி விவாதம் பண்ணத்தான் வேணும், பண்ணலனா அது வெறும் உடற்பயிற்சியா போயிடும்.

ஒயிட் பெல்ட் கட்டச் சொன்னா கட்டிக்குங்க. கொஞ்ச மாசம் பின் வரிசையில நிக்கறதுல ஒரு அவமானமும் இல்ல, காசு கேக்காத வரைக்கும்.

இப்ப அந்த 480 வெள்ளிக்கு வர்றேன், இங்கதான் எனக்கு வயிறு எரியுது. இந்தக் கன்வர்ஷன், இன்டர்நேஷனல் சர்டிபிகேட் சமாச்சாரம் பெரும்பாலும் உங்க மாஸ்டரோட யோசனையா இருக்காது. அவருக்கு மேல ஒரு ஏஜண்டு இருப்பாரு, வெளிநாட்டுல ஏதோ ஒரு சங்கத்தோட மலேசியா பிரதிநிதின்னு கார்டு அடிச்சு வச்சிருப்பாரு, தலைக்கு இவ்வளவுன்னு வாங்கி, பாதிய அனுப்பிட்டு மீதிய வச்சுக்குவாரு. என்கிட்டயே ஒருத்தர் வந்திருக்காரு. என் பிள்ளைங்க ஃபார்ம ஒரு தடவகூட பாக்கல, பேர் லிஸ்டும் ஐசி நம்பரும் மட்டும் கேட்டாரு. பிள்ளைங்க கையக் காலப் பாக்காம பெல்ட் கொடுக்கற ஆள் எப்படி மாஸ்டர் ஆவாரு? இதுல இன்னொரு கூத்து விருந்து. ஹோட்டல்ல டின்னர் வச்சு, ஒரு மேசைக்கு காசு கட்டினா மேடையில ஏத்தி கிராண்ட்மாஸ்டர் விருது, ஹால் ஆஃப் ஃபேம்னு கேடயம் கொடுப்பாங்க, அந்த போட்டோவ கிளாஸ் பேனர்ல போட்டு மாசக் கட்டணத்த ஏத்துவாங்க, கடைசியில கட்டறது நம்ம தாமான்ல இருக்கற அம்மா அப்பாதான். பாவம், அவங்களுக்கு எந்த சர்டிபிகேட் எதுக்கு உதவும்னு எப்படித் தெரியும்?

எங்க சங்கம் ரிஜிஸ்டர் ஆனதுன்னு ஒரு பேப்பர காட்டுவாங்க. நம்ம நாட்டுல 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டுச் சங்கங்க பெசுருஹ்ஜாயா சுக்கான், அதாவது விளையாட்டு ஆணையர், ஆபீஸ்ல பதியணும், அது உண்மை, பதியாத சங்கத்துக்கு நீங்க காசே கொடுக்கக் கூடாது. ஆனா அந்தப் பதிவு சங்கம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. அந்த ஆபீஸ் உங்க மாஸ்டரோட நியூட்ரல் போவ வந்து பாக்காது, லாங் 1 எந்த வழின்னு தீர்ப்பு சொல்லாது. இத்தனை வருஷமா இத கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்கறவங்களோட தரத்த ஒழுங்கா பாக்க ஒரு வழி பண்ணுங்கன்னு. சங்கத்துக்காரங்களுக்கு ஆண்டுக் கூட்டத்துல நாற்காலிக்கு சண்டை போடவே நேரம் பத்தல, ஒரு சங்கம் ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது, ஒவ்வொண்ணும் தனி சர்டிபிகேட் அடிக்குது. அதனால ரிஜிஸ்டர்னு சொன்ன உடனே சமாதானம் ஆயிடாதீங்க.

கோக்கோ மார்க் விஷயத்த ஏஜண்டு வாயால கேக்கவே கேக்காதீங்க. யூனிவர்சிட்டிக்கு யூபியூங்கற அரசாங்க விண்ணப்ப முறை வழியா போறப்ப 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு கோக்கோ, அதனாலதான் இந்த 10 விழுக்காட்டக் காட்டி பெத்தவங்கள மடக்குறாங்க. எந்த சர்டிபிகேட் சேரும், எந்த நிலைன்னு கணக்காகும்னு சொல்ல வேண்டியது ஸ்கூல். தங்கச்சிய கோக்கோ டீச்சர்கிட்ட அந்த சர்டிபிகேட்டோட மாதிரி காப்பிய காட்டச் சொல்லுங்க, இது சேருமா டீச்சர்னு நேரா கேக்கச் சொல்லுங்க. இன்டர்நேஷனல்னு தங்க எழுத்துல அடிச்சிருந்தா இன்டர்நேஷனல் ஆயிடாது, அது எங்க நடந்த எந்தப் போட்டி, யார் நடத்தினதுன்னுதான் பாப்பாங்க.

எல்லா வழியும் சரின்னு இவ்வளவு நேரம் சொன்னேன்ல, தங்கச்சி விஷயத்துல மட்டும் அது செல்லாது. இத நல்லா கவனிங்க. ஸ்டேட், சுக்மாங்கற மலேசிய விளையாட்டுப் போட்டி, நேஷனல்னு போற பாதை உலக கராத்தே சம்மேளனத்தோட விதிப்படி போகுது, இங்க மலேசிய கராத்தே சம்மேளனம், மக்காஃப்னு சொல்றோமே, அதுதான் அதோட உறுப்பு. அந்த விதியில கத்தாவுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு, 100க்கும் மேல பேர் இருக்கு, போட்டியாளர் அதுலேர்ந்துதான் எடுத்துச் செய்யணும். ஷோட்டோகான், ஷிட்டோ ரியூ, கோஜூ ரியூ, வாடோ ரியூ மாதிரி கராத்தே பள்ளிகளோட கத்தாதான் அதுல இருக்கு. ஷார்ட் 3, லாங் 3, ஃபார்ம் 4, பார்க்கரோட எந்த ஃபார்மும் அதுல இல்ல. எவ்வளவு அழகா செஞ்சாலும் இல்ல, எத்தன கன்வர்ஷன் வாங்கினாலும் இல்ல. செந்தூல் வழியா பினாங்கு வழியாங்கற கேள்வியே அந்தப் போட்டியில எழாது.

கிளாஸ்ல "நாங்களும் கத்தா போட்டிக்குப் போறோம்"னு சொல்வாங்க, பொய் இல்ல, ஓப்பன் போட்டிங்க நடக்குது, அதுல எந்த ஸ்டைலும் செய்யலாம், மெடலும் கிடைக்கும், பிள்ளைக்கு மேடை பயம் போகும், போகட்டும், நல்லதுதான். ஆனா அந்த மெடல வச்சுக்கிட்டு ஸ்டேட் செலக்‌ஷனுக்குப் போக முடியாது. அதனால எந்தப் போட்டிக்கும் காசு கட்டறதுக்கு முன்னாடி அழைப்புக் கடிதத்த வாங்கிப் படிங்க, யாரோட விதின்னு எழுதியிருக்கும், எழுதலனா கேளுங்க.

தங்கச்சிக்கு இப்ப 16 இருக்கும், அதாவது 16-17 ஜூனியர் பிரிவு. நேரம் குறைவு. உண்மையிலயே ஸ்டேட் ஆசை இருந்தா பினாங்குல மக்காஃப் கீழ வர்ற கராத்தே கிளாஸ் ஒண்ண இந்த மாசமே பாத்து சேருங்க, முதல் நாளே பட்டியல்ல இருக்கற எந்த கத்தாவ அவளுக்கு சொல்லிக் கொடுப்பாங்கன்னு கேளுங்க. கென்போவ விடச் சொல்லல, வாரத்துல ஒரு நாள் உங்ககூட வரட்டும். ஆனா நியூட்ரல் போ பழகின கால், சென்குட்சுன்னு கராத்தேல வர்ற நீளமான முன் நிலையில குட்டையாதான் நிக்கும், முதல் சில மாசம் அந்த மாஸ்டர் கால நீட்டு நீட்டுன்னு கத்துவாரு, அவ மனசு விட்டுடாம நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க. அந்த 480 வெள்ளி அவளோட புது கிளாஸ் கட்டணத்துக்கும் ஒரு நல்ல கராத்தே உடைக்கும் ஆகும்.