கலாம் வீடு வேறு, கலாம் நினைவிடம் வேறு

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறோம். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் ராமேஸ்வரம் அழைத்துப் போய் அப்துல் கலாம் பிறந்த வீட்டைக் காட்ட ஆசை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. முழங்கால் வலியுள்ள மாமனாரும் வருகிறார். ‘நாலு போட்டோ மாட்டி வைத்திருக்கிறார்கள், அரை மணியில் வெளியே வந்துவிடலாம்’ என்கிறார் நாத்தனார். அதற்காக ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகலாமா? எப்படிப் பார்த்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும்?

பதில்: நாத்தனார் சொன்ன அரை மணிக் கணக்கு சரி. அதனால் போக வேண்டாம் என்பதுதான் சரியில்லை. அந்த வீட்டுக்கு அரை மணி போதும். அந்தத் தெருவுக்கு ஒரு காலைப் பொழுது வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ராமேஸ்வரத்தில் கலாம் பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ராமநாதசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளிவாசல் தெருவில் உள்ள குடும்ப வீடு. மற்றொன்று, ஊருக்கு வெளியே பாம்பன் போகும் சாலையில் பேக்கரும்பு என்ற இடத்தில் உள்ள தேசிய நினைவிடம். 2015 ஜூலையில் அவரை அடக்கம் செய்த இடம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய நினைவு நாளான ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. கட்டியது. ஆட்டோக்காரரிடம் ‘கலாம் மியூசியம்’ என்று பொதுவாகச் சொன்னால், சவாரி நீளமாக இருக்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ‘கலாம் வீடு’ என்று சொல்லுங்கள். நினைவிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டைப் பார்த்ததாக ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம்.

வீட்டில் காட்சிக்கூடம் இருப்பது மாடியில். மாமனார் படியேறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நினைவிடத்தை அவருக்காக வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் புகைப்படங்கள், விருதுகள், கலாமின் விண்வெளி, ஏவுகணைப் பணிகளைச் சொல்லும் மாதிரிகள் எல்லாம் இருக்கின்றன. இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுவார்கள். பிறந்த வீடு என்றால் அவர் படுத்த பாய், படித்த விளக்கு எல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதோ பெரும்பாலும் அவர் இந்த ஊரை விட்டுப் போன பிறகு சம்பாதித்த பெருமைகள். கட்டடமும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. சிறுவன் கலாமை மாடியில் தேடினால் கிடைக்க மாட்டார். தெருவில் தேட வேண்டும்.

1939-ல் உலகப் போர் மூண்டபோது கலாமுக்கு எட்டு வயது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. சிறுவன் அதைப் பொறுக்கிச் சேர்த்து இதே பள்ளிவாசல் தெருவில் இருந்த மளிகைக் கடையில் விற்றால் ஓரணா கிடைக்கும். போர் முற்றியபோது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை, ஓடும் ரயிலிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் வீசுவார்கள். பத்திரிகை ஏஜென்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பளம் அது. இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய கதை இன்னொன்று உண்டு, ஏனென்றால் அதுவும் ஐந்தாம் வகுப்பில் நடந்தது. தொப்பி அணிந்த கலாமும் பூணூல் அணிந்த ராமநாத சாஸ்திரியும் முன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள். அவர் அந்த ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்தார். ஆசிரியரும் மனம் மாறினார். இந்தக் கதையை வீட்டு மாடியில் நின்று சொல்லாதீர்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து கோயில் கோபுரத்தை நோக்கி நடந்துகொண்டே சொல்லுங்கள். குருக்கள் வீட்டுப் பையனும் படகுக்காரர் வீட்டுப் பையனும் எத்தனை பக்கத்தில் வளர்ந்தார்கள் என்பதைக் கால்களே சொல்லிவிடும்.

புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. மற்றவற்றை அன்றைக்கு விட்டுவிடுங்கள். இது யாருடையது, ஏன் இங்கே வந்தது என்று அந்த ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து, அரசரைக் கொண்டுவந்து இந்தக் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருக்குச் சமாதி. ஒரு பலகையிலிருந்து இவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்த பிள்ளை, ராமேஸ்வரத்தில் நாலு போட்டோ முன்னால் கொட்டாவி விடாது.

அன்றைய நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் 22 தீர்த்தங்களும் ஆடினால் உடை தொப்பலாக நனைந்துவிடும். அறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஈர உடையோடு அப்படியே மாடி ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கீழே குடும்பத்தினர் வாழும் இடம்; குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே போங்கள். மாடியில் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடையும் உண்டு. பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

மாலையில் பேக்கரும்பு. இந்தியா கேட் போன்ற முகப்பு, குடியரசுத் தலைவர் மாளிகையை நினைவூட்டும் குவிமாடம், வெளியே அக்னி ஏவுகணையின் மாதிரி என்று எல்லாம் பெரிதாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மாமனாருக்கும் சிரமம் குறைவு. இதை முதலில் காட்டிவிட்டால் பிறகு வீடு சின்னதாகப் போய்விடும். அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

பயணத்துக்குத் திருப்பதி – ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகப் போகிறது; தினமும் கிடையாது. ஓடும் நாளைப் பார்த்து, மாமனாருக்குக் கீழ்ப் படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறந்த பிறகு மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. இடைப்பட்ட காலத்தில் போய் வந்தவர்கள் ‘மண்டபம் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்’ என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் இல்லை, 1964 டிசம்பர் புயலோடு அது போய்விட்டது, சாலை இருக்கிறது.

விடுமுறை போதவில்லை என்றால், நம் பக்கத்திலும் ஒரு குடியரசுத் தலைவர் இருக்கிறார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தபோது அது வட ஆர்க்காடு மாவட்டம். வாலாஜாபேட்டையில் பள்ளியில் படித்தார், வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். ஊரிசு வளாகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.